திரையில் தெரியும் எண்ணும் உள்ளே இருக்கும் எண்ணும்

பலாங்கொடையிலோ இறக்குவானையிலோ யட்டியாந்தோட்டையிலோ உள்ள ஏதாவதொரு தேயிலைத் தோட்டத்தின் கொழுந்து மடுவத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கொழுந்து எடுக்கும் ஒரு தாய் அன்று மூன்று தடவை நிறுக்கிறார். காலையில் தராசு 7.8 கிலோ என்று காட்டுகிறது. பகலில் 6.9. மாலையில் 5.7. மூன்றையும் கூட்டினால் 20.4 கிலோ. அந்தத் தோட்டத்தில் முழுப் பேர் விழுவதற்கு 20 கிலோ எடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தாய்க்கு அன்று முழுப் பேர் உண்டு.

இந்த நிறைகளைக் கணினியில் பதிவதற்கு ஒருவர் செய்நிரல் எழுதுகிறார். "புள்ளிக்குப் பின்னால் வருவது எதற்கு? முழுவெண்ணாகவே காட்டினால் பார்க்க அழகாக இருக்குமே" என்று எண்ணி, தசமப் பகுதியை வெட்டிவிடும்படி எழுதிவிடுகிறார். இப்போது நிறைகள் 7, 6, 5. கூட்டினால் 18. அந்தத் தாய்க்கு அரைப்பேர்.

இங்கே தராசில் பிழையில்லை. கூட்டலிலும் பிழையில்லை. கணினியை யாரும் ஏமாற்றவுமில்லை. எண்ணை அழகாகக் காட்ட வேண்டும் என்று செய்த ஒரு சின்ன வேலை, அரைநாட் சம்பளத்தைக் கொண்டு போய்விட்டது. நிறைகள் தினமும் இப்படியே அமைந்தால் நாளொன்றுக்கு 2.4 கிலோ, 25 நாளில் 60 கிலோ காணாமற் போகும்.

இது நான் கற்பனை செய்து சொன்ன உதாரணம். ஆனால் இதில் உள்ள பிழை உலகில் உண்மையாகவே நடந்திருக்கிறது. அதைப் பின்னால் பார்ப்போம். தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கும் தங்கையருக்கும், பிள்ளைகள் கணினியின் முன்னால் அமர்ந்து என்ன செய்கிறார்கள் என்று அறிய விரும்பும் பெற்றோருக்கும் எண்களைத் திரையில் காட்டும் கலையைப் பற்றிச் சிறிது சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

உடுப்பு மாறினால் ஆள் மாறுவதில்லை

பாடசாலைக்குச் சீருடையில் வரும் மாணவி பெருநாளன்று புத்தாடையில் வருகிறாள். உடுப்பு மாறினாலும் ஆள் அவள்தான். எண்ணும் இப்படித்தான். கணினியின் நினைவகத்தில் ஓர் எண் இருக்கிறது. அதைத் திரையிலோ காகிதத்திலோ காட்டும்போது அதற்கு ஓர் உடுப்புப் போடுகிறோம். எத்தனை தசமதானம் காட்டுவது, ஆயிரத்துக்கு ஆயிரம் காற்புள்ளி இடுவதா, முன்னால் பூச்சியம் சேர்ப்பதா, வலப்பக்கம் ஒதுக்கி எழுதுவதா என்பவை எல்லாம் உடுப்பைச் சேர்ந்தவை. உள்ளே உள்ள எண்ணை இவை தொடுவதில்லை.

உயர்தரத்தில் கற்கும் பைத்தன் மொழியில் இதற்கு எளிய வழி உண்டு. அச்சிட வேண்டிய எண்ணுக்குப் பின்னால் ஒரு முக்காற்புள்ளி இட்டு, அதன் பிறகு உடுப்பைப் பற்றிய கட்டளையை எழுத வேண்டும். 40250.756 என்ற தசம எண்ணை எடுத்துக்கொள்வோம்.

".2" என்று எழுதி எஃப் என்ற ஆங்கில எழுத்தைச் சேர்த்தால் 40250.76 என்று அச்சாகும்.

அதற்கு முன்னால் ஒரு காற்புள்ளியும் இட்டால் 40,250.76 என்று அச்சாகும்.

2 இற்குப் பதிலாக 0 இட்டால் 40,251 என்று அச்சாகும்.

எஃப் என்ற எழுத்து, தசமதானங்களின் எண்ணிக்கை நிலையாக இருக்கட்டும் என்பதைக் குறிக்கிறது. முழுவெண்களுக்கு டி என்ற எழுத்து. "06" என்று எழுதி டி சேர்த்தால் 457 என்பது 000457 என்று ஆறு இலக்கங்களில் வரும். எழுத்துக்கு முன்னால் 12 போன்ற ஓர் அகலத்தைக் கொடுத்தால், எண் பன்னிரண்டு எழுத்து அகலமான இடத்தில் வலப்பக்கமாக ஒதுங்கி நிற்கும். பல எண்களை ஒன்றன்கீழ் ஒன்றாக இப்படி அச்சிட்டால் புள்ளியின்கீழ் புள்ளி வரும். ஒன்றின்கீழ் ஒன்றும் பத்தின்கீழ் பத்தும் வரும். கடைக்காரர்கள் பற்றுக் கொப்பியில் கோடு போட்டு ரூபாவை ஒரு பக்கமும் சதத்தை மறுபக்கமும் எழுதுவார்களே, அதே ஒழுங்குதான் இது.

இவ்வளவும் செய்த பிறகும் உள்ளே 40250.756 அப்படியே இருக்கிறது. திரையில் 40,251 என்று காட்டிவிட்டு அதை இரண்டால் பெருக்கச் சொன்னால், கணினி 40250.756 ஐத்தான் பெருக்கும். ஆனால் அந்த எண்ணை முழுவெண்ணாக மாற்றும்படி சொல்லிவிட்டால் கதை வேறு. அப்போது பைத்தன் புள்ளிக்குப் பின்னால் உள்ளதை வெட்டி எறிந்துவிடும். 40250 மட்டுமே மிஞ்சும். 3.99 ஐ மாற்றினாலும் 3 தான் கிடைக்கும். வெட்டியதை மீளப் பெற முடியாது. மடுவத்துச் செய்நிரலில் நடந்தது இதுதான். உடுப்பை மாற்ற வேண்டிய இடத்தில் ஆளையே மாற்றிவிட்டார்கள்.

கணினிக்கு அரையும் காலும் தெரியும், பத்திலொன்று தெரியாது

இனி ஒரு வியப்பான விடயம். பைத்தனிடம் 0.5 ஐயும் 0.25 ஐயும் கூட்டச் சொன்னால் 0.75 என்று சரியாகச் சொல்லும். 0.1 ஐயும் 0.2 ஐயும் கூட்டச் சொன்னால் 0.30000000000000004 என்று சொல்லும். மூன்றாந்தரப் பிள்ளைக்கும் தெரிந்த கணக்கில் கணினி தடுமாறுவது ஏன்?

நாம் பத்துப் பத்தாக எண்ணுகிறோம். கணினி 0, 1 என்ற இரண்டு இலக்கங்களை மட்டும் கொண்டு துவித முறையில் எண்ணுகிறது. அதனால் ஒன்றை இரண்டாக வெட்டி, அதை மீண்டும் இரண்டாக வெட்டிக்கொண்டே போனால் வரும் பின்னங்கள் அதற்குக் கச்சிதமாகப் பொருந்துகின்றன. அரை, கால், அரைக்கால், அதன் பாதியாகிய மாகாணி என்று நம் முன்னோர் சொன்ன 1/2, 1/4, 1/8, 1/16 ஆகியவை அத்தகையவை. ஆனால் அவர்களே மா என்று அழைத்த 1/20 கணினிக்குப் பொருந்தாது. 1/10 உம் பொருந்தாது. நாம் 1/3 ஐத் தசமத்தில் எழுத முனைந்தால் 0.3333 என்று முடிவில்லாமல் நீள்வதைப் போல, 1/10 ஐத் துவிதத்தில் எழுத முனைந்தால் முடிவில்லாமல் நீளும். நினைவகத்தில் இடம் அளவானது. எனவே கணினி ஓரிடத்தில் நிறுத்திக்கொள்கிறது. 0.1 என்று நாம் கொடுப்பது உள்ளே 0.10000000000000000555 என்பதுபோல் ஓர் எண்ணாக உட்காருகிறது.

நம் நாட்டுக் காசுக்கு இதில் ஒரு பங்குண்டு. பழைய இந்திய ரூபாவுக்கு 16 அணா. ஓரணா என்பது ரூபாவில் மாகாணி. கணினிக்கு மிகவும் பிடித்த பின்னம். இலங்கையிலோ 1872 முதல் ரூபாவுக்கு 100 சதம். இந்தியா 1957 ஏப்ரல் 1 ஆந் திகதிதான் தசம நாணயத்துக்கு மாறியது. தமிழகத்திலிருந்து தோட்டங்களுக்கு வந்தவர்கள் ஊரில் அணாவிலும் இங்கே சதத்திலும் கணக்குப் பார்த்தார்கள். மனிதருக்குச் சதம் இலகு. கணினிக்கு அணா இலகுவாக இருந்திருக்கும்!

பத்தைக் கொண்டு பின்னம் எழுதும் முறையே நீண்ட உழைப்பால் வந்ததுதான். 10 ஆம் நூற்றாண்டில் திமிஷ்கில் எழுதிய அல் உக்லிதிசி தசம பின்னங்களைக் கையாண்டிருக்கிறார். சமர்கந்தில் வாழ்ந்த அல் காஷி 1427 இல் முடித்த தம் கணித நூலில் அவற்றை முறையாக விளக்கினார். கணினிக்கு நாம் எழுதும் படிமுறைகளை உலகமே அல்கோரிதம் என்று அழைக்கிறது. 9 ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல் குவாரிஸ்மியின் பெயரிலிருந்து பிறந்த சொல் அது.

0.1 இல் உள்ள இந்தச் சிறு குறை எப்போதும் வேடிக்கையாக முடிவதில்லை. 1991 பெப்ரவரி 25 ஆந் திகதி, வளைகுடாப் போரின்போது, சவூதி அரேபியாவின் தஹ்ரானில் ஏவுகணைத் தடுப்புத் தொகுதி ஒன்று, வந்துகொண்டிருந்த ஏவுகணையைத் தவறவிட்டது. 28 படையினர் இறந்தார்கள். அந்தத் தொகுதி நேரத்தைப் பத்திலொரு செக்கனாக எண்ணி 0.1 ஆல் பெருக்கி வந்தது. அதன் 0.1 துவிதத்தில் வெட்டப்பட்ட 0.1. ஏறத்தாழ 100 மணித்தியாலம் நிறுத்தாமல் இயங்கியதில் பிழை சேர்ந்து சேர்ந்து 0.34 செக்கனாகிவிட்டது. பறந்து வரும் ஏவுகணைக்கு அது அரைக் கிலோமீற்றருக்கும் மேலான தூரம்.

நம் பயன்பாட்டில் உயிர் போவதில்லை, காசு போகலாம். எனவே பணத்தைக் கையாளும் செய்நிரல்களில் இரண்டு நல்ல வழிகளைப் பின்பற்றுவார்கள். ஒன்று, ரூபாவைச் சதமாக்கி முழுவெண்ணாகவே வைத்திருப்பது. 40 ரூபா 50 சதம் என்பது 4050 சதம். முழுவெண்களில் கணினி பிழை விடாது. கடைசியில் காட்டும்போது மட்டும் புள்ளியை இட்டுக்கொள்ளலாம். மற்றது, பைத்தனில் உள்ள டெசிமல் என்ற வசதியைப் பயன்படுத்துவது. அது பள்ளிக்கூடத்தில் நாம் செய்வதைப் போலவே பத்தின் அடியில் கணக்கிடும். அதற்கு எண்ணை மேற்கோட்குறிக்குள் எழுத்தாகக் கொடுக்க வேண்டும் என்பதை மறக்கக் கூடாது.

அரைக்கு மேலா, கீழா?

மட்டந்தட்டல் நாம் சிறு வகுப்பிலேயே படித்தது. 5 உம் அதற்கு மேலும் என்றால் மேலே, 5 இலும் குறைவென்றால் கீழே. இந்த விதி எல்லாக் கணினிகளுக்கும் பொது என்று எண்ணினால் ஏமாந்துபோவோம்.

2024 இல் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என நிர்ணயிக்கப்பட்டது. அதை வைத்துக் கணக்கிடுவோம். 1958 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உருவான ஊழியர் சேமலாப நிதிக்கு இன்று தொழிலாளி தம் சம்பளத்தில் 8 வீதமும் தொழில் கொள்வோர் 12 வீதமும் செலுத்துகிறார்கள். 1980 இல் வந்த ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தொழில் கொள்வோர் 3 வீதம் செலுத்துகிறார். ஒரு நாளுக்கு 8 வீதம் 108 ரூபா. 12 வீதம் 162 ரூபா. 3 வீதம் 40 ரூபா 50 சதம்.

இந்த 40.50 ஐத் தசமம் இல்லாமல் காட்டச் சொன்னால், எக்செல் விரிதாள் 41 என்று காட்டும். பைத்தன் 40 என்று காட்டும்! சரியாக அரையில் நிற்கும் எண்ணை, அருகில் உள்ள இரட்டை எண்ணின் பக்கம் சாய்ப்பது பைத்தனின் விதி. 40.5 என்றால் 40. 41.5 என்றால் 42. எப்போதும் மேலேயே சாய்த்தால் நீண்ட கணக்கில் கூட்டுத்தொகை மெல்ல மெல்ல உப்பிவிடும். பாதித் தடவை மேலும் பாதித் தடவை கீழும் போனால் சமநிலை காக்கப்படும் என்பது இதன் நியாயம். இதில் எது சரி என்று கேட்டால், இரண்டும் விதிகள்தான். எந்த விதி என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும் என்பதே முக்கியம்.

இன்னொரு பொறியும் உண்டு. 2.675 ஐ இரண்டு தசமதானத்துக்கு மட்டந்தட்டச் சொன்னால் நாம் 2.68 என்போம். பைத்தன் 2.67 என்கிறது. இங்கே இரட்டை எண் விதிக்கு வேலையில்லை. 2.675 என்று நாம் எழுதியது உள்ளே 2.67499999999999982 என்பதுபோல் உட்கார்ந்திருக்கிறது. அது அரைக்குச் சற்றுக் கீழே நிற்பதால் கீழே போகிறது. சற்று முன் சொன்ன டெசிமலைப் பயன்படுத்தி, அரையென்றால் மேலே என்ற விதியையும் சொல்லிக் கொடுத்தால் 2.68 வரும்.

வழக்கம் தொழிலுக்குத் தொழில் மாறுவதும் உண்டு. நமது இரத்தினபுரி கற்களின் ஊர். கற்களை நிறுக்கும் கரட் 1907 இல் 0.2 கிராம் என்று உலக அளவில் வரையறுக்கப்பட்டது. வைர வணிகத்தில் கரட்டை இரண்டு தசமதானத்தில் எழுதும்போது, மூன்றாம் தசமதானம் 9 ஆக இருந்தால் மட்டுமே மேலே கூட்டும் ஒரு வழக்கம் உண்டு. 0.998 என்பது 0.99. 0.999 என்றால்தான் 1.00. கல் ஒரு கரட்டைத் தொட்டுவிட்டது என்று சொன்னால் விலை பாய்ந்துவிடும் என்பதால் இந்த இறுக்கம். வாங்குபவர், விற்பவர் இருவருக்கும் அந்த விதி தெரியும். அதனால் அங்கே யாரும் ஏமாறுவதில்லை.

முதலில் கூட்டு, பிறகு மட்டந்தட்டு

மடுவத்துக் கணக்குக்கு மீண்டும் வருவோம். நிறைகள் 7.8, 6.9, 5.7. ஒவ்வொன்றையும் வெட்டிவிட்டுக் கூட்டினால் 18. ஒவ்வொன்றையும் மட்டந்தட்டிவிட்டுக் கூட்டினால் 8, 7, 6 சேர்ந்து 21. முதலில் கூட்டி, 20.4 ஐ மட்டந்தட்டினால் 20. ஒரே கொழுந்துக்கு மூன்று விடைகள்! இவற்றில் உண்மைக்குக் கிட்டியது 20. 21 தொழிலாளிக்குச் சாதகமாக இருக்கிறதே என்று மகிழ முடியாது. நாளை நிறைகள் 7.4, 6.3, 5.4 என்று வந்தால் அதே முறை 18 என்று சொல்லும், உண்மையோ 19.1.

நம்பிக்கை நிதிக் கணக்கிலும் இதைப் பார்க்கலாம். 25 நாளுக்கு 33,750 ரூபா. அதில் 3 வீதம் 1,012 ரூபா 50 சதம். ஒவ்வொரு நாளுக்கும் 40 ரூபா என்று குறைத்துக் கூட்டினால் 1,000 ரூபா. 41 என்று கூட்டி எழுதினால் 1,025 ரூபா. இரண்டிலும் 12 ரூபா 50 சதம் பிசகுகிறது. ஓர் ஆளுக்கு இது சிறு தொகை. நூற்றுக்கணக்கான பேர் வேலை செய்யும் தோட்டத்தில், ஆண்டுக்கணக்கில், ஒரே பக்கம் சாய்ந்தால் அது சிறு தொகையாக இருக்காது.

இப்பிழை உண்மையில் நடந்தது என்று சொன்னேன் அல்லவா? கனடாவின் வன்கூவர் பங்குச் சந்தை 1982 ஜனவரியில் ஒரு புதிய விலைச்சுட்டெண்ணை 1000.000 என்று ஆரம்பித்தது. பங்கு ஒன்று கைமாறும்போதெல்லாம் சுட்டெண் திரும்பக் கணிக்கப்படும். ஒரு நாளைக்கு ஏறத்தாழ 3,000 தடவை அப்படி நடந்தது. ஒவ்வொரு தடவையும் மூன்று தசமதானத்துக்கு மேற்பட்டதைச் செய்நிரல் மட்டந்தட்டாமல் வெட்டிவிட்டது. போனது ஒவ்வொரு தடவையும் ஆயிரத்திலொன்றுக்கும் குறைவு. சந்தை நன்றாக நடந்துகொண்டிருந்தபோதும் சுட்டெண் மட்டும் இறங்கிக்கொண்டே போனது. 1983 நவம்பரில் அது 524.811 இல் நின்றது. பிழையைக் கண்டுபிடித்துத் திருத்திக் கணித்தபோது வந்த எண் 1098.892. அரைவாசிக்கும் மேல் காணாமற் போயிருந்தது.

வெட்டுதல் எப்போதும் ஒரே பக்கம்தான் வெட்டும். அதனால்தான் அது ஆபத்தானது. கணக்கு முடியும்வரை எண்ணை முழுமையாக வைத்திருந்து, காட்டும் நேரத்தில் மட்டும் மட்டந்தட்ட வேண்டும் என்பதைச் செய்நிரல் எழுதும் ஒவ்வொரு தங்கையும் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

அளவுக்கு மீறிய இலக்கமும் தவறுதான்

வெட்டுவது தவறென்றால் எல்லா இலக்கங்களையும் காட்டிவிடலாமே என்று கேட்கலாம். அதுவும் சரியன்று. மூன்று நாட்களின் கொழுந்து 20.4, 19.7, 21.2 கிலோ. சராசரி கேட்டால் கணினி 20.43333 என்று நீட்டிக்கொண்டே போகும். தராசு காட்டியது ஒரு தசமதானம் மட்டுமே. அதற்கு அப்பால் உள்ள 3 கள் எந்தத் தராசிலும் நிறுக்கப்பட்டவை அல்ல; வகுத்தலில் பிறந்தவை. அவற்றைக் காட்டினால், இல்லாத நுட்பத்தை இருப்பதாகச் சொன்னதாகும். இங்கே 20.4 என்று காட்டுவதே நேர்மை.

மறுபக்கம், 2.5 கரட் என்பதற்கும் 2.50 கரட் என்பதற்கும் கணினி வேறுபாடு காணாது. கல் வியாபாரி காண்பார். 2.50 என்றால் நூறிலொரு பங்குவரை நிறுத்துப் பார்த்தாயிற்று என்று பொருள். கடைசியில் நிற்கும் பூச்சியம் வீணாக நிற்கவில்லை. சம்பளச் சீட்டில் 2,700 என்று எழுதாமல் 2,700.00 என்று எழுதுவதும் சதம்வரை பார்த்தாயிற்று என்பதற்கான உறுதிதான்.

காற்புள்ளி எங்கே விழுகிறது?

பன்னிரண்டு இலட்சத்து முப்பத்து நாலாயிரத்து ஐந்நூற்று அறுபத்தேழு என்று நாம் வாயால் சொல்வோம். இந்தியாவில் அதை 12,34,567 என்று எழுதுகிறார்கள். இலங்கையில் 1,234,567 என்று எழுதுகிறோம். வாயில் இலட்சம், காகிதத்தில் மில்லியன் முறை! பைத்தனில் வெறும் காற்புள்ளி இட்டால் மூன்று மூன்றாகவே பிரிக்கும். அது நமக்குப் பொருந்துகிறது. ஆனால் இந்தியத் தமிழருக்கென ஆயத்தப்படுத்தப்பட்ட செயலியில் இலட்ச முறை வரலாம். தமிழ் என்று தெரிவு செய்ததும் காற்புள்ளி இடம் மாறினால் திகைக்க வேண்டாம். எண் அதேதான், உடுப்புத்தான் வேறு.

ஜெர்மனியிலும் இத்தாலியிலும் புள்ளியும் காற்புள்ளியும் தமக்குள் இடம் மாறிக்கொள்கின்றன. நாம் 1,350.50 என்று எழுதுவதை ஜெர்மனியில் 1.350,50 என்று எழுதுவார்கள். அங்கே 1.350 என்றால் ஆயிரத்து முந்நூற்று ஐம்பது. நமக்கோ அது ஒன்றரைக்கும் குறைவு. வெளிநாட்டில் உறவினர் உள்ள வீடுகளில், அங்கிருந்து வரும் பற்றுச்சீட்டை வாசிக்கும்போது இதை நினைவிற்கொள்ள வேண்டும்.

எண்போலத் தோன்றும் எண்ணல்லாதவை

கடைசியாக ஒன்று. தொலைபேசி இலக்கத்தை விரிதாளில் எழுதினால் முன்னால் உள்ள 0 மறைந்துவிடுவதைப் பலரும் கண்டிருப்பீர்கள். 12 இலக்கங்கள் கொண்ட புதிய தேசிய அடையாள அட்டை இலக்கத்தை எழுதினால் அது சுருங்கி, நடுவில் ஈ என்ற ஆங்கில எழுத்துடன் நிற்கும். விரிதாள் அவற்றை அளவைக் குறிக்கும் எண்கள் என்று எண்ணிக்கொள்வதே காரணம். முழுவெண்ணின் முன்னால் உள்ள பூச்சியத்துக்குப் பெறுமதி இல்லை என்பதால் அதை நீக்கிவிடுகிறது. மிக நீளமான எண்ணைச் சுருக்கிக் காட்டுகிறது.

இதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. இதைக் கூட்டுவோமா, பெருக்குவோமா என்று கேளுங்கள். இரண்டு பேரின் தொலைபேசி இலக்கங்களை யாரும் கூட்டுவதில்லை. எனவே அது எழுத்தாகவே இருக்கட்டும். பரீட்சைச் சுட்டெண், சேமலாப நிதி அங்கத்துவ இலக்கம், வங்கிக் கணக்கிலக்கம் எல்லாம் இப்படியே. விரிதாளில் பதிவதற்கு முன்பே அந்தக் கலங்களை எழுத்து என்று குறித்துவிட வேண்டும். அங்கத்துவ இலக்கத்தில் ஒரு பூச்சியம் தொலைந்துபோய், ஓய்வு பெறும் வயதில் ஒரு தாய் அலுவலகப் படிகளில் ஏறி இறங்கும் நிலை வரக் கூடாது.

வீட்டில் ஒரு கணக்கு

பெற்றோரே, இந்த மாதச் சம்பளச் சீட்டையோ மின்சாரப் பட்டியலையோ பிள்ளையின் கையில் கொடுத்து, "இந்த மொத்தம் எப்படி வந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். பேர் எத்தனை, அரைப்பேர் எத்தனை, 8 வீதம் எவ்வளவு என்று பிள்ளை ஒவ்வொன்றாகக் கணக்கிடட்டும். விடை சில சதங்களால் வேறுபட்டால், எங்கே மட்டந்தட்டினார்கள் என்று தேடட்டும். பல ரூபாவால் வேறுபட்டால், அதைப் பணிவாகவும் தெளிவாகவும் விசாரிக்க உங்களிடம் ஒரு தாள் இருக்கும்.

தங்கையரே, நாளை உங்களில் ஒருவர் ஒரு தோட்டத்துக்கோ கூட்டுறவுச் சங்கத்துக்கோ கடைக்கோ செய்நிரல் எழுதலாம். அப்போது மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த எண்ணைக் காட்டுகிறேனா, மாற்றுகிறேனா? கூட்டுவதற்கு முன் மட்டந்தட்டுகிறேனா, கூட்டிய பின்னா? எந்த விதிப்படி மட்டந்தட்டினேன் என்று சீட்டில் எழுதியிருக்கிறேனா?

நீங்கள் எழுதும் செய்நிரலைத் தோட்டத்துத் தாய் ஒருபோதும் பார்க்க மாட்டார். மாத முடிவில் அவர் கைக்கு வரும் சீட்டில் உள்ள எண்ணைத்தான் பார்ப்பார். காலையில் 7.8, பகலில் 6.9, மாலையில் 5.7 என்று அவர் சுமந்து வந்த கொழுந்து முழுவதும் அந்த எண்ணுக்குள் இருக்க வேண்டும்.